ரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவி

தமனி ரத்தத்தில் கரைந்துள்ள பிராணவாயு, கரியமிலவாயு ஆகியவற்றின் அழுத்தத்தையும், ரத்தத்தின் அமில–கார நிலையையும் (பி.எச்.) சில நிமிஷங்களில் நிர்ணயிக்கும் யந்திரம். மயிலாப்பூர், அடையாறு முதலிய சென்னை வட்டாரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இச்சோதனை ‘ஏ.பி.ஜி.’ என்றே வழங்கும்.

வரலாறு: 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் கரியமிலவாயு அளவை விரைந்தறிய நேர்ந்த அவசியம், போல் ஆஸ்ட்ரப் என்பவர் வகுத்த முறைக்கு வித்திட்டது. லேலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்ட பிராணவாயு மின்வாயும், 1958-இல் ஜான் செவரிங்ஹாஸ் செம்மைப்படுத்திய கரியமிலவாயு மின்வாயும் சேர்ந்து இன்றைய கருவிக்கு அஸ்திவாரமாயின.

இயங்குமுறை: 37 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் காக்கப்படும் அறையுள் ரத்தம் புகுந்ததும், கண்ணாடிச் சவ்வில் எழும் மின்னழுத்தத்தால் பி.எச்.சும், மெல்லிய சவ்வைக் கடந்து பைகார்பனேட் கரைசலின் அமிலத்தன்மையை மாற்றும் அளவால் கரியமிலவாயுவும், பிளாட்டின முனையில் பாயும் மின்னோட்டத்தால் பிராணவாயுவும் அளக்கப்படுகின்றன. ரத்தத்தின் பைகார்பனேட் அளவைக் கருவி கணக்கிட்டே தருகிறது.

மாதிரி எடுத்தல்: பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியிலிருந்து, ஹெபாரின் கலந்த சிரிஞ்சில் ரத்தம் எடுத்து, காற்றுக் குமிழிகளை உடனே வெளியேற்றுவர். ரத்த அணுக்கள் வெளியிலும் பிராணவாயுவைச் செலவிடுவதாலும், உஷ்ணம் அதனைத் துரிதப்படுத்துவதாலும், சென்னைக் கோடையில் தாமதம் முடிவைப் பிறழச் செய்யும்.

இயல்பு அளவுகள்: பி.எச். 7.35–7.45, கரியமிலவாயு 35–45 மி.மீ. பாதரசம்; பிராணவாயு 80–100 மி.மீ. பாதரசம்.