உரோமானியர் காசும் தொண்டை மண்ணும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். வரலாற்று ஆய்வில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கல்வெட்டைப் போலவே காசும் மன்னன் புகழையே பேசும் என்பது உண்மைதான். ஆயினும் ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் நேரும் திரிபு காசுக்கு நேர்வதில்லை. அச்சில் அடிபட்ட நாளில் ஏற்ற முகத்தையும் எழுத்தையும் ஈராயிரம் ஆண்டு கழித்தும் அது அப்படியே காட்டும். ஒன்றை மட்டும் அது தானாகச் சொல்லாது. எவ்விடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதை எடுத்தவர்தாம் சொல்ல வேண்டும். அது சொல்லப்படாதபோது காசின் சாட்சியம் பாதியாகிவிடுகிறது. தமிழகத்து உரோமானியக் காசுகளின் கதையில் பெரும்பகுதி இவ்வாறு பாதியாகிப் போன சாட்சியங்களின் கதையே.

யவனர் வருகையைப் பற்றிச் சங்க நூல்கள் கூறுவன தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்தவை. ஆதலின் விரிக்க வேண்டுவதில்லை. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூற்று 149ஆம் பாட்டில், யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் முசிறித் துறை காட்டப்படுகிறது. இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. புலவர் கூறுவது பொன், காசு அன்று. அப்பொன் காசாகவே வந்தது என்பதைக் கொங்கு நாட்டிலும் சேர நாட்டிலும் கிடைத்த புதையல்கள் காட்டுகின்றன. எனினும் தமிழர் அதனைக் காசாகக் கொண்டனரா, வெறும் பொன்னாகக் கொண்டனரா என்னும் வினா இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என முதல் நூற்றாண்டினரான பிளினி தம் இயற்கை வரலாற்றில் குறைபட்டுக்கொள்கிறார். நான்கு செஸ்டர்ஸ் கொண்டது ஒரு தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு. இருபத்தைந்து தெனாரியஸ் கொண்டது ஓர் ஔரியஸ் என்னும் பொற்காசு. இக்கணக்கின்படி ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்பது ஐந்து லட்சம் பொற்காசு. பிளினி ஆடம்பரத்தைக் கண்டிக்கும் சினத்தில் எழுதியவர். அவர் தொகையை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. அதில் ஒரு பகுதி பண்டமாகவும் வந்திருக்கும். பத்தில் ஒரு பங்கே காசாக வந்தது எனக் கொண்டாலும் ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் பொற்காசு ஆகிறது. இந்திய நாடு முழுவதிலும் இதுகாறும் பதிவாகியுள்ள முற்கால உரோமானியப் பொற்காசும் வெள்ளிக் காசும் சேர்ந்து சில ஆயிரங்களே. எஞ்சியவை எங்கே என்று கேட்டால் பொற்கொல்லர் உலையைத்தான் காட்ட வேண்டும்.

கிடைத்தவற்றுள் கோவையை அடுத்த வெள்ளலூர்ப் புதையல் பெயர் பெற்றது. 1842இல் அங்கு 522 வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டிலேயே ஒரு பானைக் காசு கிடைத்திருந்தது. இவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் முதலிரு பேரரசர் காசுகளே மிகுதி. அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் அவன் பெயரர் இருவர் கேடயமும் வேலும் இடையிருக்க நிற்பர். திபேரியஸ் காசின் பின்புறத்தில் கையில் கிளை ஏந்திய பெண் ஒருத்தி வீற்றிருப்பாள். சுற்றிலும் 'தலைமைப் பூசகர்' என்னும் பட்டம் இலத்தீன் எழுத்தில் பொறித்திருக்கும். இவ்வகைக் காசுகள் பெரிதும் அச்சிடப்பட்ட இடம் இன்றைய பிரான்சு நாட்டு லியோன் நகரம். அங்கிருந்து எகிப்து வழியாகச் செங்கடல் கடந்து, பருவக்காற்றில் மேலைக் கடற்கரை வந்து, பாலக்காட்டுக் கணவாய் ஏறிக் கொங்கு நாட்டை அடைந்தவை அவை. படியூரின் பச்சைக் கல்லும் கொடுமணலின் மணித்தொழிலும் அவ்வழியில் இருந்தமை தற்செயல் எனக் கூறுவதற்கில்லை.

ஏன் இவ்விருவர் காசு மட்டும் மிகுதி என்பதற்கு ஆய்வாளர் ஒரு விடை தருவர். கி.பி. 64இல் நீரோ மன்னன் பொற்காசின் எடையைக் குறைத்தான். வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் ஒருங்கே குறைத்தான். தமிழக வணிகர் உரைத்தும் நிறுத்தும் பார்த்து வாங்கியவர்கள். பழைய காசுக்கே மதிப்பளித்தனர். இவ்விளக்கம் சரியாயின், தமிழர் பேரரசன் முகத்தைப் பொருட்படுத்தவில்லை, உலோகத்தையே மதித்தனர் என்று ஆகும்.

புதுக்கோட்டைப் புதையல் இவ்வாதத்துக்கு வலுவூட்டுகிறது. 1898இல் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவை இன்று இலண்டன் நகரத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கீற்று காணப்படுகிறது. தேய்ந்த காசுகள் மீண்டும் புழங்காவண்ணம் அரசு அல்லது வணிகக் குழு இவ்வாறு வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. உள்ளே செம்பிருந்து மேலே பொன்முலாம் பூசிய கள்ளக் காசோ என வெட்டிப் பார்த்தனர் என்பது மற்றொன்று. ஆனால் சோதிப்பதே நோக்கமாயின் விளிம்பிலோ பின்புறத்திலோ வெட்டினும் போதும். முகத்தையே தேடி வெட்டியிருப்பதால் முதற் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. யார் வெட்டினர் என்பதை அக்காசுகளோடு கிடந்த பிற பொருள்கள் ஒருகால் சொல்லியிருக்கும்.

எல்லாக் காசும் உலோகமாக மட்டும் எண்ணப்படவில்லை. துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் கழுத்தணியாகக் கோத்த உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. காசுமாலை அணிந்த மரபுடைய நாட்டில் இது வியப்பன்று. இலத்தீன் எழுத்தறியாத கைவினைஞர் அவ்வெழுத்துகளைக் கோடும் புள்ளியுமாகப் பொறித்துச் செய்த பழங்காலப் போலிகளும் உண்டு. இவற்றை இன்றைய கள்ளக் காசோடு சேர்த்து ஒதுக்குவது தவறு. தமிழர் அக்காசை எத்துணை விரும்பினர் என்பதற்கு அவை நேர்ச்சான்று. மாக்கோதை என்னும் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசில் மன்னன் தலை உரோமானியர் பாணியில் அமைந்திருப்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. வந்த காசு இங்குள்ள கம்மியனுக்குப் பாடமாகவும் இருந்தது.

இனி இழப்பின் கதை. 1847இல் கண்ணூரை அடுத்த கோட்டயம் என்னும் சிற்றூரில் (இன்றைய கோட்டயம் மாவட்டம் வேறு) ஒரு பெரும் பொற்புதையல் வெளிப்பட்டது. ஐந்து கூலியாள் சுமை என்று அக்காலத்தார் எழுதினர். ஊரார் பங்கிட்டுக்கொண்டனர், உருகியது போக ஒரு சிறுபகுதி திருவிதாங்கூர் மன்னர் கைக்கு வந்தது. அவற்றை ஆராய்ந்து 1851இல் விளக்கம் எழுதியவர், பின்னர்த் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல். சுமைக் கணக்கில் கிடைத்த காசு எத்தனை என்பதையே இன்று எவராலும் கூற இயலாது.

தொகுப்பாளர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்துப் பழிப்பது முறையன்று. கரூரில் அமராவதி மணலையும் மதுரையில் வைகை மணலையும் அலசிப் பிழைத்தோர் கையிலிருந்து காசுகள் வணிகரிடம் சென்றுகொண்டிருந்தன. அவற்றை வாங்கி, படித்து, படத்தோடு அச்சேற்றியவர்களால்தான் அவை வரலாற்றில் நின்றன. நாளிதழ் ஆசிரியரும் நாணயவியல் அறிஞருமான இரா. கிருஷ்ணமூர்த்தி (1933-2021) கரூர், மதுரைப் பிற்கால உரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. விரற்கடைகூட இல்லாத, தேய்ந்து கறுத்த அச்செப்புக் காசுகளைச் சந்தையில் மதிப்பார் இலர். ஆனால் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளிலும் மேலை நாட்டுத் தொடர்பு அறுபடவில்லை என்பதை உரைப்பவை அவையே. அழகன்குளம் அகழாய்வில் அக்காலக் காசுகள் முறையாக வெளிப்பட்டமை அம்முடிவை உறுதி செய்தது. பொன்னைத் தேடுவோர் செம்பைத் தள்ளிவிடுவது தொகுப்பாளரிடையே என்றும் உள்ள குறை.

தொண்டை நாட்டுக்கு வருவோம். கொங்கு நாட்டைப் போல இங்குப் பெரும்புதையல்கள் பதிவாகவில்லை. மாமல்லபுரத்தருகே தியோடோசியஸ் காலச் செப்புக் காசு கிடைத்ததைச் சூவெல் 1904இல் வெளியிட்ட பட்டியலில் காணலாம். பாலாற்று முகத்துவாரத்தில் வசவசமுத்திரத்தில் 1970இல் நிகழ்ந்த அகழாய்வில் உரோமானியர் மது கொணர்ந்த கூர்ங்கால் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது, கற்காலக் கருவிகளோடு செங்கற் கட்டடப் பகுதியும் மணிகளும் சிறு பொன்னணிகளும் உரோமானியச் சாடி ஓடுகளும் கிடைத்தன. கடற்கரையில் இறங்கிய சாடி, ஏரிகள் சூழ்ந்த உள்நாட்டு ஊர் வரை வந்துள்ளது. சாடி வந்த வழியில் காசு வரவில்லை என எண்ண இடமில்லை.

வடக்குப்பட்டைச் சுற்றியுள்ள நிலம் இன்று தொழிற்சாலைகளின் நிலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய காலமுதல் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் என வயலும் மேடும் சமனாகி வருகின்றன. இராமாநுசர் பிறந்த ஊர் என்பதால் கோயிலைச் சூழ்ந்த பழைமை ஓரளவு காக்கப்படுகிறது. கோயில் இல்லாத மேட்டுக்குக் காவல் இல்லை. பொக்லைன் ஒரு நாளில் தோண்டும் மண்ணை அகழாய்வாளர் சிறு கரண்டியால் தோண்டப் பல ஆண்டுகள் ஆகும். அதனினும் சிக்கலானது மற்றொன்று. ஏரிகளில் அள்ளும் சவுடு மண்ணை டிப்பர் லாரிகளில் கொணர்ந்து வேறு ஊரின் பள்ளத்தை நிரப்புகின்றனர். அம்மண்ணில் ஒரு காசு இருந்து பின்னாளில் கிடைக்குமாயின், கண்டெடுத்தவர் நாணயமாகவே இடம் குறித்தாலும் அது பொய்யிடமாகவே அமையும்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆட்சியர் அதனை அரசுக்காகக் கையகப்படுத்தினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவது சட்டம் வகுத்த அளவு. நான்கு கிராமுக்கும் குறைந்த ஒரு தெனாரியஸ் காசின் வெள்ளி மதிப்பு எத்துணை எனக் கணக்கிட்டால், கூலியாள் அதை ஏன் மடியில் முடிந்துகொள்கிறான் என்பது விளங்கும். வணிகன் பேரரசன் முகத்துக்கு விலை பேசுகிறான்; சட்டம் எடைக்கு விலை பேசுகிறது. இவ்விடைவெளியை அரசு குறைக்கும்வரை ஊர்தோறும் உள்ள ஆசிரியரும் தமிழ் ஆர்வலரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு கிடைத்த செய்தி காதில் பட்ட அன்றே புல எண்ணையும் ஆழத்தையும் உடன் கிடந்த ஓட்டையும் குறித்து வைக்க வேண்டும். அம்மண் அவ்விடத்து மண்தானா, லாரியில் வந்த மண்ணா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். புளி போட்டுத் துலக்குவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.