ஐஇஎல்டிஎஸ்: மூன்றில் 7, ரைட்டிங்கில் மட்டும் 6.. எங்கே சறுக்குகிறது? ரைட்டிங், ஸ்பீக்கிங் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் ஓவரால் ஸ்கோர் 7. பார்க்க நல்ல மார்க்தான்.

ஆனால் பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய நினைப்பவருக்கு இந்த மார்க் போதாது. அந்நாட்டின் செவிலியர் கவுன்சிலான என்எம்சி, ரைட்டிங்கில் குறைந்தது 6.5, மற்ற மூன்றிலும் குறைந்தது 7 கேட்கிறது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கும் பலர் குறிவைக்கும் சிஎல்பி 9 நிலைக்கு லிஸனிங்கில் 8, மற்ற மூன்றிலும் தலா 7 வேண்டும். ஒரே ஒரு பிரிவில் அரை மார்க் குறைந்தாலும் அந்தக் கதவு திறக்காது. மறுபடியும் பல ஆயிரம் ரூபாய் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு.

இந்த அரை மார்க்கை எங்கே விடுகிறோம்? அதை எப்படிப் பிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ரைட்டிங், ஸ்பீக்கிங் ஏன் வேறு மாதிரி?

லிஸனிங், ரீடிங் இரண்டிலும் தலா 40 கேள்விகள். சரியான விடை முன்கூட்டியே தயாராக இருக்கும். நீங்கள் எழுதியது பொருந்தினால் மார்க், இல்லாவிட்டால் இல்லை.

ரைட்டிங், ஸ்பீக்கிங்கில் அப்படி ஒரு விடைத்தாள் கிடையாது. பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவர், நான்கு அளவுகோல்களை வைத்து உங்கள் ஆங்கிலத்தை எடை போடுகிறார். நான்குக்கும் சம மதிப்பு, தலா 25 சதவீதம்.

முக்கியமான விஷயம், இந்த அளவுகோல்கள் ரகசியம் அல்ல. எந்த பேண்டுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விளக்கம் ஐஇஎல்டிஎஸ் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனாலும் பலர் அதைப் படிப்பதே இல்லை. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வதில் நேரம் போய்விடுகிறது. சறுக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

ரைட்டிங்: 60 நிமிடம், 2 கேள்வி

முதல் கேள்வி டாஸ்க் 1. குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம் ஒதுக்கலாம். இரண்டாவது டாஸ்க் 2. குறைந்தது 250 சொற்கள், 40 நிமிடம் ஒதுக்கலாம். டாஸ்க் 1-ஐ விட டாஸ்க் 2-க்கு இரு மடங்கு மதிப்பு. எனவே முதல் கேள்வியிலேயே 30 நிமிடத்தைச் செலவழித்துவிட்டு, கட்டுரையைப் பாதியில் விடுவது பெரிய நஷ்டம்.

தேர்வாளர் பார்க்கும் நான்கு விஷயங்கள் இவைதான்:

1. கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லியிருக்கிறீர்களா?
2. கருத்துகள் ஒழுங்காக, ஒன்றோடு ஒன்று தொடர்ந்து வருகின்றனவா?
3. சொல்வளம் எப்படி? சரியான இடத்தில் சரியான சொல் வருகிறதா?
4. இலக்கணம் எப்படி? பல வகை வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுத முடிகிறதா?

பலர் மூன்றாவதையும் நான்காவதையும் மட்டுமே படிக்கிறார்கள். மார்க்கில் பாதி முதல் இரண்டில் இருக்கிறது.

டாஸ்க் 2: தலைப்புக்கு அல்ல, கேள்விக்கு எழுதுங்க

ஒரு உதாரணம். 'நகரங்களில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க அரசு பஸ் பயணத்தை எல்லோருக்கும் இலவசமாக்க வேண்டும். இதை எந்த அளவு ஏற்கிறீர்கள்?' என்று கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நெரிசல், புகை, ஹார்ன் சத்தம், மெட்ரோ ரயில் என்று நான்கு பத்தி எழுதினால் ஆங்கிலம் நன்றாக இருந்தாலும் மார்க் குறையும். கேள்வி நெரிசலைப் பற்றி அல்ல. இலவச பஸ் அதற்குத் தீர்வா என்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் நிலைப்பாடு என்ன, ஏன் என்பது முதல் பத்தியில் தொடங்கி கடைசி வரை மாறாமல் தெரிய வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் 5 நிமிடம் திட்டமிடுங்கள். உங்கள் முடிவு ஒரு வரி. அதற்கான இரண்டு காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம். இவ்வளவுதான் திட்டம். 'டிக்கெட் விலையை விட, பஸ் நேரத்துக்கு வராததுதான் மக்களை பைக் வாங்க வைக்கிறது' என்பது போன்ற ஒரு தெளிவான காரணம், பொதுவாகச் சொல்லும் ஐந்து காரணங்களை விட மேல்.

ஒரு பத்திக்கு ஒரு முக்கியக் கருத்து போதும். கடைசி 5 நிமிடத்தைப் பிழை திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ்க் 1: எண்களை அடுக்கினால் போதாது

அகாடமிக் தேர்வில் வரைபடம், அட்டவணை, மேப் அல்லது ஒரு பொருள் தயாராகும் விதத்தைக் காட்டும் படம் வரும். அதில் உள்ள தகவலை விவரிக்க வேண்டும். இங்கே பலர் விடுவது ஓவர்வியூ. அதாவது, படத்தை மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியங்கள். 'தேநீர் விற்பனை தொடர்ந்து குறைய, காபி விற்பனை மூன்று மடங்கானது' என்பது ஓவர்வியூ. ஒவ்வொரு வருடத்தின் எண்ணையும் வரிசையாக எழுதுவது ஓவர்வியூ ஆகாது. விற்பனை ஏன் குறைந்தது என்ற உங்கள் ஊகமும் இங்கே தேவையில்லை.

ஜெனரல் டிரெய்னிங் தேர்வில் டாஸ்க் 1 ஒரு கடிதம். கேள்வியில் மூன்று குறிப்புகள் இருக்கும். ஒன்றை விட்டாலும் மார்க் குறையும். யாருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். நண்பருக்கு எழுதும் தொனியில் மேனேஜருக்குப் புகார் எழுதக் கூடாது.

இரண்டு டாஸ்க்குக்கும் பொதுவான எச்சரிக்கை: கேள்வியில் உள்ள வாக்கியங்களை அப்படியே காப்பி அடித்தால் அந்தச் சொற்கள் கணக்கில் வராது. பதிலைக் குறிப்புகளாகப் போடாமல் முழு வாக்கியங்களாக எழுத வேண்டும்.

மனப்பாடம் ஏன் கைகொடுக்காது?

'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கி எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் ரெடிமேட் கட்டுரைகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. மனப்பாடப் பகுதிகளை அடையாளம் காண தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. முதல் பத்தியில் பெரிய பெரிய சொற்கள், அடுத்த பத்தியில் எளிய இலக்கணமே தடுமாறுகிறது என்றால் எது சொந்தச் சரக்கு என்பது உடனே தெரிந்துவிடும். பொருள் சரியாகத் தெரியாத கடினமான சொல்லை விட, சரியாகப் பயன்படுத்திய எளிய சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

ஸ்பீக்கிங்: 11 முதல் 14 நிமிடம்

தேர்வாளருடன் நேரடி உரையாடல். முழுவதும் ரிக்கார்டு செய்யப்படும். மூன்று பகுதிகள் உண்டு.

பகுதி 1, 4 முதல் 5 நிமிடம்: ஊர், வேலை, படிப்பு, பொழுதுபோக்கு போன்ற எளிய கேள்விகள். 'சமைப்பது பிடிக்குமா?' என்றால் 'எஸ், ஐ டூ' என்று நிறுத்திவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சமைப்பேன், அம்மா சொல்லிக்கொடுத்த மீன் குழம்பு நன்றாக வரும், மற்ற நாட்களில் நேரமில்லை என்று இரண்டு மூன்று வாக்கியம் பேசுங்கள்.

பகுதி 2, 3 முதல் 4 நிமிடம்: ஒரு கார்டு தருவார்கள். 'உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது போல இருக்கும். யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுத முயல வேண்டாம். யார், எப்போது, என்ன நடந்தது, ஏன் மறக்க முடியவில்லை என்று நாலு சொல் குறித்தால் போதும். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் நிறுத்தினால் பதற்றம் வேண்டாம். அது நேரக் கணக்கு, தண்டனை அல்ல.

பகுதி 3, 4 முதல் 5 நிமிடம்: அதே தலைப்பில் ஆழமான கேள்விகள். 'அக்கம்பக்கத்தினர் ஒருவருக்கொருவர் உதவுவது நகரங்களில் குறைந்துவிட்டதா?' என்று கேட்கலாம். உங்கள் கருத்து, காரணம், ஒரு உதாரணம், முடிந்தால் மறுபக்கம் என்ற வரிசையில் பேசினால் தடுமாற்றம் குறையும்.

இங்கும் நான்கு அளவுகோல்கள்: தடையின்றித் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நீங்கள் சொல்லும் கருத்து சரியா தவறா என்பதற்கு மார்க் கிடையாது. கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேட்கலாம், அதற்காக மார்க் குறையாது.

வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டுமா?

தேவையே இல்லை. தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மார்க் குறைக்க மாட்டார்கள். கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் தமிழ் பேசுபவர்கள் சில இடங்களில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது முதுகா, தோளில் மாட்டும் பையா, பெட்டி கட்டுவதா என்று தெரியாது. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று உச்சரிப்பு. இந்த வேறுபாடு பேச்சில் மறைந்தால் பொருளே மாறிவிடும்.

இலக்கணத்திலும் அப்படித்தான். தமிழில் 'தி' என்பதற்கு இணையான சொல் இல்லை. அதனால் தேவையான இடத்தில் விட்டுவிடுகிறோம், தேவையில்லாத இடத்தில் சேர்க்கிறோம். 'மை பிரதர் வொர்க்' என்று சொல்லி, கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுகிறோம். 'ஐ ஆம் லிவிங் இன் சேலம் சின்ஸ் டென் இயர்ஸ்' என்பது நம்மூரில் சகஜம். 'ஐ ஹேவ் பீன் லிவிங் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' இரண்டிலும் பின்னால் வரும் சொல் தேவையில்லை.

வீட்டிலேயே பயிற்சி: 6 வாரத் திட்டம்

முதல் வாரம்: அளவுகோல் விளக்கத்தைப் படியுங்கள். ஒரு கட்டுரை எழுதி, 2 நிமிடம் பேசி ரிக்கார்டு செய்து, எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

2 முதல் 4-வது வாரம் வரை: வாரம் மூன்று கட்டுரை, இரண்டு டாஸ்க் 1. எழுதிய மறுநாள் படித்து, ஒரு முறைக்கு ஒரு அளவுகோலை மட்டும் வைத்துத் திருத்துங்கள். பிழைகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். பிறகு அதே கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள். பத்துப் புதிய கட்டுரைகளை விட, திருத்தி எழுதிய ஐந்து கட்டுரைகள் அதிகம் கற்றுத்தரும்.

தினமும் ஒரு கார்டுக்குப் பேசி மொபைலில் ரிக்கார்டு செய்யுங்கள். நீங்கள் பேசியதை நீங்களே எழுத்தில் எழுதிப் பாருங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல்லைப் பத்து முறை சொன்னீர்கள் என்பது அப்பட்டமாகத் தெரியும். உச்சரிப்பைச் சோதிக்க, மொபைலின் ஆங்கில வாய்ஸ் டைப்பிங்கில் பேசி, அது என்ன டைப் செய்கிறது என்று பார்ப்பதும் ஒரு எளிய வழி.

5, 6-வது வாரம்: கடிகாரம் வைத்து முழுத் தேர்வு. கம்ப்யூட்டரில் எழுதப் போகிறவர்கள் பிழை காட்டாத சாதாரண நோட்பேடில் டைப் செய்து பழகுங்கள். தேர்வில் ஸ்பெல்லிங் திருத்தும் வசதி கிடையாது, சொல் எண்ணிக்கை மட்டும் திரையில் தெரியும். இந்தக் கட்டத்தில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு கட்டுரையாவது காட்டிக் கருத்துக் கேளுங்கள். நம் பிழை நம் கண்ணுக்கு எளிதில் படாது.

மார்க் குறைந்தால் என்ன செய்யலாம்?

மதிப்பீட்டில் சந்தேகம் இருந்தால், தேர்வு நாளில் இருந்து 6 வாரங்களுக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மார்க் மாறினால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியவர்கள், 60 நாட்களுக்குள் ஏதாவது ஒரு பிரிவை மட்டும் மீண்டும் எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' வசதியும் இருக்கிறது. ஆனால் எல்லா பல்கலைக்கழகமும் அமைப்பும் அதை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன், நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் ஏற்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கோர் பொதுவாக 2 வருடம் செல்லும் என்பதால், விண்ணப்பத் தேதியைக் கணக்கிட்டு தேர்வு நாளைத் தேர்வு செய்வதும் முக்கியம்.

மறுபடி எழுதுவதாக இருந்தால், முதலில் பழைய ரிசல்ட்டை அந்த நான்கு அளவுகோல்களோடு வைத்துப் பாருங்கள். எதில் குறைந்திருக்கும் என்று தெரியாமல் அதே தயாரிப்போடு போனால், அதே 6 திரும்ப வரவே வாய்ப்பு அதிகம்.