தோலுக்கு இட்ட மருந்தும் மனத்தைத் தீண்டிய நஞ்சும்

தோலுக்கு இடும் மருந்து மனத்தைப் பாதிக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. அவ்வரலாற்றில் பாதரசத்திற்குத் தனி இடம் உண்டு.

சொறி, சிரங்குக்குப் பாதரசக் களிம்பு பூசும் முறையை அரபு மொழியில் எழுதிய இடைக்கால மருத்துவர்கள் கையாண்டனர். அவர்களுள் தலைசிறந்தவரான அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (865–925) ஒரு குரங்குக்குப் பாதரசத்தைப் புகட்டிச் சோதித்தார். வயிற்று வலியன்றிப் பெருந்தீங்கு எதையும் அவர் காணவில்லை. எனினும், பதங்கமாக்கிய பாதரசம் கொடிய நஞ்சென எச்சரித்தார். அவர் கண்டது சரியே. விழுங்கிய நீர்மப் பாதரசத்தைக் குடல் மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது. ஆனால் அதன் ஆவி நுரையீரல் வழியே குருதியில் கலந்து மூளையை எட்டுகிறது.

1490களில் ஐரோப்பாவில் சிபிலிஸ் என்னும் மேகநோய் பரவியபோது, அங்குள்ள மருத்துவர்கள் 'சராசனியக் களிம்பு' என்று பெயரிட்டு இதே மருந்தை நாடினர். நோயாளியின் உடலெங்கும் களிம்பைத் தேய்த்து, வெப்பமூட்டிய அறையில் பல நாள் அடைத்துவைத்தனர். இச்சிகிச்சையைத் தாமே பலமுறை அனுபவித்த ஜெர்மானிய அறிஞர் உல்ரிச் ஃபான் ஹுட்டன், 1519இல் வெளியான தம் நூலில் அதன் விளைவுகளை விவரித்தார். சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்குச் சித்தப் பிரமை, கைகால் நடுக்கம், பேச்சுக் குழறல் என அவர் பட்டியலிட்டார். காரணமற்ற கூச்சம், எரிச்சல், உறக்கமின்மை, மறதி ஆகியவை பாதரச நஞ்சின் அடையாளங்கள் எனப் பிற்கால மருத்துவம் வகுத்துரைத்தது.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வலியை அறியலாம். மனத்தின் துயரை நோயாளி சொல்லியே அறிய வேண்டும்.

கடும் முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரையின் வரலாறும் இதற்குச் சான்றாகும். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தை உட்கொண்ட சிலர் மனச்சோர்வுற்றதாகச் செய்திகள் வந்தன. அவற்றை முன்னிட்டு 1998இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை வெளியிட்டது. பெரிய ஆய்வுகள் பலவற்றில், இதை உட்கொண்டோரிடையே பொதுவாக மனச்சோர்வு மிகுந்ததாகத் தெரியவில்லை. கடும் முகப்பருவே மனத்தை வாட்டுவதும் உண்டு. ஆயினும் தனிப்பட்ட சிலரின் அனுபவத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆதலால் 2023இல் பிரிட்டன், சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் நோயாளியின் மனநிலையை வினவ வேண்டுமென விதித்தது.

பயனுள்ள மருந்தை அச்சத்தால் கைவிடுவதும் அறிவுடைமையன்று; மருந்துண்ணும் பிள்ளை உறக்கமிழந்து ஒதுங்கியிருப்பதைக் கண்டும் மருத்துவரிடம் சொல்லாதிருப்பதும் அறிவுடைமையன்று.