கேட்கலாம், தடுக்க முடியாது

2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் தேதி மாலை லண்டன் மாநகரில் பனி பெய்தது. அக்டோபரில் அந்நகரம் பனி கண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. வெளியே வெண்பனி விழுந்துகொண்டிருக்க, உள்ளே காமன்ஸ் சபையில், பூமண்டலம் சூடேறி வருவதைத் தணிக்கும் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட பருவநிலை மாற்ற மசோதா மூன்றாம் வாசிப்பில் 463 வாக்குகள் பெற்று நிறைவேறியது, எதிர்த்தவர்கள் மூவர். அம்மூவரைச் சார்ந்தவர்களுக்கு அன்றைய பனி பல வருஷங்கள் பரிகாசத்துக்கு உதவிற்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சட்டம் படைத்த ஓர் ஆசனத்தையும், அந்த ஆசனத்தில் அமர வருபவரைப் பிரஜைகளின் பிரதிநிதிகள் நிறுத்திக் கேள்வி கேட்கும் விநோதமான வழக்கத்தையும்தான்.

நவம்பர் 26-ஆம் தேதி அரசியின் சம்மதம் பெற்றுச் சட்டமான அந்த மசோதா, 2050-ஆம் ஆண்டுக்குள் பிரிட்டன் வெளியிடும் கரியமில வாயு முதலியவற்றை 1990-இல் இருந்த அளவில் நூற்றுக்கு எண்பது பங்கு குறைத்தாக வேண்டும் என்று விதித்தது. (2019-இல் அந்த எண்பது, நிகரக் கணக்கில் நூறாக்கப்பட்டது.) குடும்பத் தலைவன் மாதச் செலவுக்கு வரம்பு கட்டுவதுபோல, ஐந்தைந்து வருஷங்களுக்கு ஒரு கரியமில வாயு பட்ஜெட் போட வேண்டும் என்றும், அதற்கு யோசனை சொல்ல ஒரு தலைவரும் ஐந்துக்குக் குறையாமலும் எட்டுக்கு மேற்படாமலும் அங்கத்தினர்களும் கொண்ட பருவநிலை மாற்றக் குழு இயங்க வேண்டும் என்றும் சட்டம் வகுத்தது. அக்குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் அதன் யோசனையைக் கேளாமல் மந்திரி பட்ஜெட்டை நிர்ணயிக்க முடியாது. கேட்டுவிட்டு வேறு அளவை நிர்ணயித்தால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் குழு பார்லிமெண்டுக்கு அறிக்கை கொடுக்க, அரசாங்கம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. சொல் ஒன்றையே ஆயுதமாகக் கொண்ட உத்தியோகம் இது. அப்படிப்பட்ட உத்தியோகத்துக்கு யார் வருகிறார் என்பது, ஆணையிடும் உத்தியோகத்துக்கு யார் வருகிறார் என்பதைவிட முக்கியமான விஷயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆணைக்குப் பின்னால் சட்டம் நிற்கும். யோசனைக்குப் பின்னால் அதைச் சொல்லும் மனிதரைத் தவிர வேறு யாரும் நிற்பதில்லை.

முற்காலத்தில் இத்தகைய மனிதர்கள் சந்தடியில்லாமல் வந்து சேர்ந்தார்கள். சுற்றுப்புறம் மாசுபடுவதைப் பற்றி ஆராய 1970-இல் ஒரு ராயல் கமிஷன் நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராகத் தாவரவியல் அறிஞர் எரிக் ஆஷ்பி அமர்ந்தார். பிரதம மந்திரி யோசனை சொல்ல, அரசி நியமிக்க, காரியம் முடிந்தது. எந்தக் கமிட்டியும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் கமிஷன் சோடை போனதென்று யாரும் சொல்ல முடியாது. 2050-க்குள் கரியமில வாயுவை அறுபது சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே துணிந்து சொன்னது அதுதான். 2011-இல் செலவைச் சுருக்குகிறோம் என்று சொல்லி அதைக் கலைத்துவிட்டார்கள். நல்லவர்களாகப் பார்த்து நியமிக்கும் பெரிய மனிதர்கள் இருக்கிற வரையில் கேள்வி எதற்கு என்பவர்களுக்கு அந்தக் கமிஷனின் சரித்திரம் ஒரு சாட்சி. ஆனால் நியமிக்கும் பெரிய மனிதர்களின்மீதே ஜனங்களுக்கு நம்பிக்கை குன்றிய காலமும் வந்தது. 1994-இல் ஜான் மேஜர், நோலன் பிரபுவின் தலைமையில் பொதுவாழ்வின் ஒழுக்கத்தை ஆராய ஒரு கமிட்டி அமைத்ததும், அதன் சிபாரிசுப்படி மறு வருஷமே பொது நியமனங்களைக் கண்காணிக்க ஒரு கமிஷனர் ஏற்பட்டதும் அந்த அவநம்பிக்கையின் பலன்கள்.

இதற்கிடையே காமன்ஸ் சபை தன் கைகளைச் சற்றே நீட்டிக்கொண்டிருந்தது. 1979-இல் ஒவ்வோர் இலாகாவையும் கவனிக்க ஒரு செலக்ட் கமிட்டி ஏற்பட்டது. 1997-இல் பாங்க் ஆப் இங்கிலாந்துக்கு வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் கிடைத்ததும், அதற்கான குழுவில் அமர வருபவர்களைப் பொக்கிஷ இலாகா கமிட்டி தானாகவே கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கூப்பிட்டார்கள், வந்தவர்கள் பதில் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஆல்ஸாப் என்பவரை விசாரித்த கமிட்டி, அவர் தகுதியை நாங்கள் ஒப்புக்கொள்வதற்கில்லை என்று எழுதியது. அன்றைக்கு நிதிமந்திரியாக இருந்த கார்டன் பிரௌன் அதைச் சட்டை செய்யாமல் அவரையே நியமித்தார். விதியின் குறும்பைப் பாருங்கள்: அதே பிரௌன் 2007-இல் பிரதம மந்திரியாகிப் பதவியேற்ற சில தினங்களுக்குள் வெளியிட்ட அரசியல் சீர்திருத்தப் பத்திரத்தில், முக்கியமான பொது உத்தியோகங்களுக்கு வருபவர்களைப் பார்லிமெண்டுக் கமிட்டிகள் நியமனத்துக்கு முன்பே விசாரிக்கலாம் என்று தாமே முன்வந்து சொன்னார். கமிட்டியின் முடிவு மந்திரியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் கூடவே சேர்த்துக்கொண்டார். கொடுத்த கையே பிடித்தும் வைத்திருந்தது.

2008 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விசாரணை எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அரசாங்கம் விளம்பரம் செய்து, விண்ணப்பம் வாங்கி, தேர்வுக் குழுவை வைத்து வடிகட்டி, கடைசியில் ஒரே ஒருவரைத் தன் விருப்பத்துக்குரிய அபேட்சகர் என்று அறிவிக்கும். குதிரை லாட வடிவில் வளைந்த மேஜையைச் சுற்றி அங்கத்தினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். லாடத்தின் திறந்த பக்கத்தில், அவர்கள் அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபடி, பெயர்ப் பலகையும் ஒரு தம்ளர் தண்ணீரும் முன்னே வைத்துக்கொண்டு அபேட்சகர் தனியாக உட்கார வேண்டும். பின்னால் பத்திரிகைக்காரர்கள். சுமார் ஒரு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ கேள்விகள்: இந்த வேலைக்கு ஏன் வந்தீர், வேறு எங்கே சம்பளம் வாங்குகிறீர், மந்திரியோடு முரண்பட்டால் என்ன செய்வீர். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கமிட்டி யோசித்து, ஓரிரு தினங்களில் ஒரு சிறு அறிக்கை வெளியிடும். அதைப் படித்துவிட்டு மந்திரி தம் மனம்போல் செய்யலாம்.

நிச்சயதார்த்தம் முடித்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு பெண் பார்க்கப் போவதுபோல இருக்கிறது என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். சொன்னால் தவறில்லை. 2009-இல் குழந்தைகள் நலக் கமிஷனர் பதவிக்கு வந்தவரைக் கமிட்டி ஏற்கவில்லை. மந்திரி எட் பால்ஸ் நியமித்துவிட்டார். 2012-இல் பல்கலைக்கழக அனுமதியைக் கண்காணிக்கும் உத்தியோகத்திலும், 2016-இல் பள்ளிக்கூடங்களின் தலைமை இன்ஸ்பெக்டர் உத்தியோகத்திலும் அதே கதைதான். ஆயினும் இந்த வழக்கம் வெறும் வேஷம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2011-இல் புள்ளிவிவர அதிகார சபையின் தலைமைக்கு முன்மொழியப்பட்ட ஒருவர், விசாரணை முடிந்ததும் தாமாகவே விலகிக்கொண்டார். மந்திரி தடுக்கவில்லை, கமிட்டிக்குத் தடுக்கும் அதிகாரமில்லை. அந்தக் குதிரை லாட மேஜையின் எதிரே கழித்த பொழுதே போதுமானதாயிற்று. 2010 முதல் கமிட்டித் தலைவர்களைக் கட்சிக் கொறடாக்களின் தயவில்லாமல் சபையே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு, கேட்பவர்களின் குரலிலும் ஒரு புதிய தைரியம் ஏறியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2012 செப்டம்பரில் டெபன் பிரபு எரிசக்தி, பருவநிலை கமிட்டியின் முன் வந்து உட்கார்ந்தார். பருவநிலை மாற்றக் குழுவின் முதல் தலைவர் அடேர் டர்னர் நான்கு வருஷம் இருந்து விலகியிருந்தார். எண்பது சதவிகிதம் என்ற இலக்கையே சட்டம் முடிவதற்குள் எழுதி அனுப்பிச் சேர்க்கச் செய்தவர் அவர். அந்த இடத்துக்கு வந்த டெபன் பிரபுவோ பிரிட்டிஷ் ஜனங்களுக்கு ஜான் கம்மர் என்ற பழைய பெயரில் நன்கு பரிச்சயமானவர். ஸஃபோக் ஜில்லாவில் ஓடும் ஒரு நதியின் பெயரைப் பட்டமாக ஏற்றுக்கொண்டவர். 1993 முதல் 1997 வரை சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்து நல்ல பெயர் எடுத்தவர். ஆனால் ஜனங்கள் மனத்தில் பதிந்திருந்தது வேறொரு காட்சி. அதற்கு முன் அவர் விவசாய மந்திரியாக இருந்தார். மாடுகளுக்குப் பித்தம் தலைக்கேறச் செய்யும் கொடிய நோய் பரவி, மாட்டிறைச்சி தின்னலாமா என்று தேசமே கலங்கியிருந்த 1990 மே மாதத்தில், அவர் தம் நான்கு வயது மகளைப் பத்திரிகைக்காரர்களின் காமிராக்களுக்கு முன் நிறுத்தி, இறைச்சிப் பணியாரம் பொதிந்த ரொட்டியை நீட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தந்தை தாமே ஒரு கடி கடித்தார். ஆறு வருஷங்களுக்குப் பிறகு, அந்த நோய்க்கும் மனிதர்களைப் பீடித்த ஒரு புதிய மூளைநோய்க்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. விஞ்ஞானிகளின் சந்தேகத்தை மந்திரியின் அபயக்கரம் எப்படி மூடி மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. அந்தப் படத்திலிருந்தவரே பின்னால் விஞ்ஞானிகளின் எச்சரிக்கையை மந்திரிகளின் காதில் ஓதும் இடத்துக்கு வந்தார் என்பதைச் சிலர் விபரீதம் என்றார்கள். பட்டறிந்தவன் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்பது என் கட்சி.

கமிட்டியை உறுத்தியது ரொட்டி அல்ல, பணம். வட கடலில் டாகர் பாங்க் என்னுமிடத்தில் பிரம்மாண்டமான காற்றாலைகள் நாட்டத் திட்டமிட்ட ஃபோர்விண்ட் என்ற கூட்டுக் கம்பெனிக்கு டெபன் பிரபு தலைவர். காற்றாலைக்கு எவ்வளவு ஊக்கம் தரலாம் என்பதைப் பற்றி யோசனை சொல்லும் குழுவுக்கும் அவரே தலைவராவதா? கேட்டார்கள். காமிராவுக்கு முன்னால், சபைக் குறிப்பில் ஏறும்படி கேட்டார்கள். சாதகமாகவே அறிக்கை எழுதினாலும், சுயநலத்துக்கும் கடமைக்கும் முரண்பாடு நேராதபடி அவர் தம் தொடர்புகளை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள். ஃபோர்விண்டின் தலைமையை அவர் துறந்தார். மந்திரி ஒரு கடிதத்தில் ரகசியமாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல நான் துணியவில்லை. நடந்திருந்தாலும் நமக்குத் தெரிந்திராது.

இந்தக் காட்சியில் இன்னொரு ரசமும் உண்டு. அப்போது அந்தக் கமிட்டியின் தலைவர் டிம் யோ. அவரும் ஸஃபோக்காரர், அதே கட்சிக்காரர், 1993-இல் கம்மரின் கீழ் அதே இலாகாவில் உதவி மந்திரியாக இருந்தவர், மாற்று எரிசக்தித் துறைக் கம்பெனியில் தாம் வகித்த பதவியை முறைப்படி பதிவேட்டில் அறிவித்தவர். பரீட்சை நடத்துபவரும் எழுதுபவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாய் அமைந்துவிடுவது பிரிட்டிஷ் அரசியலில் அபூர்வமன்று. டெபன் பிரபு 2023 ஜூன் வரை அப்பதவியில் நீடித்து, தம் கட்சி மந்திரிசபைகளையே கடுமையாகச் சாடி அறிக்கைமேல் அறிக்கை விடுத்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வியோடு தடையும் சேர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே செனட் சபையின் சம்மதமின்றி ஜனாதிபதி பெரிய உத்தியோகஸ்தரை நியமிக்க முடியாது. 2017 நவம்பரில், வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் தர ஆலோசனை சபையின் தலைமைக்கு முன்மொழியப்பட்ட காத்லீன் ஹார்ட்நெட் ஒயிட் செனட் கமிட்டியின் முன் வந்தார். தண்ணீர் சூடேறினால் விரியுமா என்று, பள்ளிப் பையனைக் கேட்பதுபோல, செனட்டர் ஷெல்டன் ஒயிட்ஹவுஸ் அவரைக் கேட்டார்; திருத்தமான பதில் வரவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் அந்த நியமனம் கைவிடப்பட்டது. ஆனால் கதவு பலமாக இருக்கிற வீட்டில் ஜன்னல் வழியே போகப் பழகுவார்கள். 2009-இல் எரிசக்தி, பருவநிலை விஷயங்களை ஒருங்கிணைக்க ஒபாமா அமர்த்திய கேரல் பிரௌனரும், 2021-இல் பைடனின் பருவநிலைத் தூதராக வந்த ஜான் கெர்ரியும் செனட்டின் சம்மதம் வேண்டாத பதவிகளிலேயே அமர்ந்தார்கள்.

தடுக்கும் உரிமை பிரிட்டனுக்கு அந்நியமானதா என்றால், அதுவும் இல்லை. வரவு செலவை முன்கூட்டிக் கணித்து அரசாங்கத்துக்குச் சொல்லும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் தலைவரை, பொக்கிஷ இலாகா கமிட்டியின் சம்மதமின்றி நியமிக்கவும் கூடாது, நீக்கவும் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் சட்டம் எழுதிவைத்தது. பவுன் கணக்கைச் சொல்பவருக்கு அந்தக் காப்பு. கரியமில வாயுக் கணக்கைச் சொல்பவருக்கு இல்லை. காசுக்குத் தடையுரிமை, காற்றுக்கு வெறும் கேள்வி. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் என்னவென்று நானும் பலவாறு யோசித்துப் பார்த்தேன். பொக்கிஷ இலாகாவின் சொல்லை யாரும் நம்பாத ஒரு காலத்தில் நம்பிக்கையை விலைக்கு வாங்க அந்த உரிமையைக் கொடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு நியாயம் தென்படவில்லை. பருவநிலை விஷயத்தில் அப்படியொரு நெருக்கடி மந்திரிகளுக்கு இன்னும் உறைக்கவில்லை போலும்.

உறைக்காததற்கு அடையாளம், டெபன் பிரபு விலகியபின் நடந்தது. நிரந்தரத் தலைவர் யாரும் நியமிக்கப்படாமல் இரண்டு ஆண்டுகள் ஓடின; விஞ்ஞானி பியர்ஸ் ஃபோர்ஸ்டர் இடைக்காலத் தலைவராக இருந்து காரியங்களை நடத்தினார். 2025-இல்தான் அரசாங்கம் நைஜல் டாப்பிங்கின் பெயரை அறிவிக்க, அவரும் எரிசக்திக் கமிட்டியின் எதிரே வந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் பதவி ஏற்றார். அவரைக் கேள்வி கேட்ட கமிட்டிக்கும், 2012-இல் கேட்ட கமிட்டிக்கு இருந்த அதிகாரமே இருந்தது. மந்திரி விரும்பியிருந்தால், கமிட்டி வேண்டாம் என்றாலும் அவரை நியமித்திருக்கலாம்.