14 ஊசியும் மூன்று நோய்களும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி! தமிழ்நாட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் சின்ன வயதில் இதைக் கேட்டுப் பயந்தவர்கள்தான். அந்தப் பயம் வலியைப் பற்றியது. ஆனால் டாக்டர்களுக்கு அதே ஊசியைப் பற்றி வேறொரு பயம் இருந்தது. ஒன்றுபோலவே தோன்றும் நரம்பு நோய்களை மருத்துவ உலகம் பிரித்தறிந்த கதைக்கும் அந்தப் பயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

முதலில் அந்த ஊசியின் கதை. இமாசலத்தில் உள்ள கசௌலியில் 1900-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கு 1907-ல் குன்னூரில் ஒன்று வந்தது. கசௌலியில் வேலை பார்த்த டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1911-ல் ஒரு எளிய முறையைக் கண்டுபிடித்தார். வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, ஃபீனால் சேர்த்துக் கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடுவது. செலவு குறைவு, எங்கும் தயாரிக்கலாம். அதனால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் இந்தியா இந்த ஊசியைத்தான் நம்பியிருந்தது. எத்தனையோ பேரின் உயிரை அது காப்பாற்றியது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல், தலைவலி வந்தது. பிறகு கால்கள் மரத்து, சிறுநீர் அடைத்து, நடக்க முடியாமல் போனது. சில நூறு பேரில் ஒருவர் என்றும், சில ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் இடத்துக்கு இடம் கணக்கு மாறியது.

இப்போது டாக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நாய் கடித்த ஒருவர் கால் விளங்காமல் வந்து படுத்திருக்கிறார். வெறிநோயிலேயே தண்ணீரைக் கண்டு பயப்படாமல், கை கால் செயலிழப்பில் தொடங்கும் வகை ஒன்று உண்டு. இது அதுவா? அப்படியென்றால் மரணம் நிச்சயம். அல்லது ஊசியால் வந்ததா? அப்படியென்றால் ஸ்டீராய்டு கொடுத்தால் எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஊசியை நிறுத்தலாமா, தொடரலாமா என்பதும் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

ஊசியில் இருந்த கிருமிதான் காரணமோ என்று முதலில் பலர் சந்தேகப்பட்டார்கள். நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் 1933 முதல் 1935 வரை ஒரு சோதனை செய்தார். கிருமியே இல்லாத, ஆரோக்கியமான முயலின் மூளைக் கரைசலைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். சில குரங்குகளுக்குக் கால் விளங்காமல் போனது! ஆக, குற்றவாளி கிருமி அல்ல. வெளியிலிருந்து வந்த மூளைத் திசுவை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் காவல்படை, சொந்த மூளையையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் தன்னுடல் தாக்குநோய் என்கிறார்கள்.

தாக்கப்படுவது எது? நரம்பு இழையைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதைப் போல. 1987-ல் தாய்லாந்தின் ஹேமசுதாவும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் அந்த உறையில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். இந்தியாவில் 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்த ஊசி நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது செல்களில் வளர்த்த தடுப்பூசி. கையில் போட்டால் போதும், 14 எல்லாம் கிடையாது.

ஊசி போய்விட்டது. ஆனால் எந்த ஊசியும் போடாமலே இதே மாதிரி வருகிற நோய்கள் இருக்கின்றனவே!

அவற்றில் பேர் பெற்றது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பாரிஸில் 1868-ல் சார்க்கோ என்ற டாக்டர் இதைத் தெளிவாக விவரித்தார். லியோன் நகரில் 1894-ல் யூஜின் டெவிக் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார். பார்வையும் போய், கால்களும் செயலிழந்து அவர் இறந்துபோனார். டெவிக்கின் மாணவர் கோல்ட் அதே ஆண்டு இதைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். இந்த நோய்க்கு நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, அதாவது என்.எம்.ஓ., என்று பெயர். இது தனி நோயா, எம்.எஸ்.ஸின் ஒரு வகையா? அந்தச் சண்டை 110 ஆண்டுகள் நடந்தது.

ஆசியாவில் குழப்பம் இன்னும் அதிகம். ஜப்பானிலும் இந்தியாவிலும் கண்ணையும் தண்டுவடத்தையும் மட்டும் தாக்கும் நோயைப் பலர் 'ஆசிய எம்.எஸ்.' என்றே கணக்கில் எழுதிவந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய காலத்தில் எம்.ஆர்.ஐ. எல்லாம் கிடையாது. இந்தியாவுக்கு அது 1980-களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதுவரை சுத்தியலால் முழங்காலைத் தட்டியும், கண்ணுக்குள் விளக்கடித்தும், முதுகுத் தண்டு நீரை எடுத்தும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

2004-ல் திருப்பம் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, என்.எம்.ஓ. நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஒரு எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார்கள். எம்.எஸ். நோயாளிகளிடம் அது இல்லை. அது எதைத் தாக்குகிறது என்பது 2005-ல் தெரிந்தது. அக்வாபோரின்-4 என்ற புரதம்! செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வாய்க்கால் அது. (இந்த வாய்க்கால் வகையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.) ஆச்சரியம் என்னவென்றால், இந்த வாய்க்கால் மயலின் உறையில் இல்லை. நரம்புக்குத் துணையாக நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்லில் இருக்கிறது. அதாவது என்.எம்.ஓ.வில் முதல் அடி விழுவதே வேறு இடத்தில்.

மூன்றாவது நோயின் கதை இன்னும் வளைவானது. மயலின் உறையின் வெளிப்புறத்தில் மாக் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருந்தால் எம்.எஸ். வரும் என்று 2003-ல் ஒரு ஆய்வு சொன்னது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சரிவரவில்லை. காரணம், பழைய சோதனைகளில் அந்தப் புரதம் தன் இயல்பான வடிவத்தை இழந்திருந்தது. செல்லின் மேல் இயல்பான வடிவிலேயே அதை வைத்துச் சோதிக்கத் தொடங்கிய பிறகுதான், மாக் நோய் எம்.எஸ்.ஸும் இல்லை, என்.எம்.ஓ.வும் இல்லை, தனி நோய் என்று தெரிந்தது. தென்னிந்தியாவில் மங்களூரைச் சேர்ந்த டாக்டர் லேகா பண்டிட் குழு இந்த இரு சோதனைகளையும் நம் பகுதி நோயாளிகளிடம் செய்து எழுதியிருக்கிறது. என்.எம்.ஓ. குடும்பத்துக்கு 2015-லும் மாக் நோய்க்கு 2023-லும் உலக அளவில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன.

சரி, பெயர் எதுவானால் என்ன? அங்கேதான் உயிர்நாடியே இருக்கிறது.

ஆரணியில் தறியில் உட்காரும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். பட்டு நெசவுக்குக் கண்ணும் வேண்டும், காலும் வேண்டும். பாவில் அறுந்த இழையைக் கண் கண்டுபிடிக்க வேண்டும், மிதியைக் கால் மிதிக்க வேண்டும். என்.எம்.ஓ. குறிவைப்பதும் இந்த இரண்டையும்தான். அது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வரும். முதல் அறிகுறி சில நேரம் நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும். வயிற்று டாக்டரிடம் போவார், மாத்திரை சாப்பிடுவார், அதுவாகவே நின்றுவிடும். சில மாதம் கழித்து ஒரு கண் மங்கும். வயதாகிறது, ஜரிகை வேலை அதிகம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்து கால் போகும். அதன் பிறகுதான் ஆரணியிலிருந்து 40 கிலோமீட்டர் போல உள்ள வேலூருக்குப் பயணம்.

அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தால் தண்டுவடத்தில் மூன்று எலும்புக் கணு நீளத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் என்.எம்.ஓ. என்று சந்தேகிப்பார்கள். எம்.எஸ்.ஸில் பெரும்பாலும் சிறு சிறு திட்டுகள்தான். முதுகுத் தண்டு நீரில் ஒருவகைப் புரதப் பட்டைகள் தெரிந்தால் எம்.எஸ். பக்கம் சாயும். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் மங்கி, ஸ்டீராய்டில் நன்றாகத் தேறினால் மாக் நோயோ என்று பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு அது அதிகம். கடைசியில் ரத்தப் பரிசோதனை.

எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், நடாலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ. நோயாளிக்கு நோயை முற்றவைக்கும். எம்.எஸ். பெரும்பாலும் மெல்ல மெல்ல முடக்கும். என்.எம்.ஓ.வோ ஒரே தாக்குதலில் பார்வையைப் பறித்துவிடும், போனது பலருக்குத் திரும்புவதில்லை. அதற்கு வேண்டியது அசாதியோபிரின், மைக்கோபினோலேட், ரிட்டுக்சிமாப் போன்றவை. 2019 முதல் இதற்கென்றே புதிய மருந்துகள் அனுமதி பெற்றன, ஆனால் விலை எட்டாத உயரம்.

கணக்கில் ஒரு செலவைத் தவறான தலைப்பில் எழுதிவிட்டால், பிறகு திருத்தப் பதிவு போட்டுச் சரிசெய்யலாம். நோயைத் தவறான தலைப்பில் எழுதினால் அந்தத் திருத்தம் கிடையாது. 2004-க்கு முன் என்.எம்.ஓ. வந்த எத்தனையோ பேர் எம்.எஸ். என்ற பெயரில் எம்.எஸ். மருந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்த டாக்டர்கள் மோசமானவர்கள் அல்ல. சோதித்துப் பார்க்க வழி அன்று இல்லை. இன்று இருக்கிறது. ஆகவே நிற்காத விக்கலையும், திடீரென்று மங்கும் ஒரு கண்ணையும் அலட்சியப்படுத்தாமல் நரம்பியல் டாக்டரிடம் சொல்வதுதான், இந்த 150 ஆண்டுக் கதையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய விஷயம்.