ஊதியமும் ஊழியமும்: நம் சங்கங்கள் நடந்து வந்த வழி

பொன்விழா காணும் இவ்வேளையில், நம் முன்னோடிகள் ஒரு காசு வாங்காமல் உழைத்தார்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அது உண்மைதான். ஆனால் அது பாதி வரலாறு. சம்பளம் பெற்று உழைத்தவர்களும், அந்தச் சம்பளத்துக்காக வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர்களும் மறுபாதியில் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் பொதுப்பணி பள்ளிவாசல்களில் தொடங்கியது. சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளி எனப்படும் ஜாமிஆ பள்ளிவாசல் 1826லும், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் குச்சுப்பள்ளி 1827லும் உருவாயின. அதே தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. கட்டடத்துக்குக் கொடை தர வணிகர்கள் இருந்தார்கள். ஆனால் ஐந்து வேளையும் பாங்கு சொல்லவும், விளக்கேற்றவும், இடத்தைக் கூட்டவும் அன்றாடம் ஆள் வேண்டும். அவருக்கும் குடும்பம் உண்டு. சமயச் சொத்துகளைக் கவனிக்க 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம், இந்து அறக்கட்டளை வாரியம் வந்தது. 1968ல் முயிஸ் அமைந்தது. கொடுப்பவர் இருந்தால் மட்டும் போதாது, கணக்கு வைப்பவரும் வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன.

மொழிப்பணியிலும் இதே கதைதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரைச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப்பின் அபுல்காசிம் மரைக்காயரும் ஆதரித்தார்கள் என்பது மரபு. அப்புலவர் பெயரில் 1946ல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. அதன் பின்னே நின்றவர்களில் பலர் செல்வந்தர்கள் அல்லர், உடலுழைப்பால் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடத்தை மாலைநேரத் தொண்டூழியர்களை மட்டும் வைத்து நடத்த முடியாது. காலையில் மணி அடித்ததும் ஆசிரியர் வகுப்பில் நிற்க வேண்டும். மாதம் முடிந்ததும் அவருக்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். அப்பள்ளி 1982ல் மூடப்பட்டாலும், மறு ஆண்டே அதன் பெயர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் சூட்டப்பட்டது.

பெருந்தொகை எப்போதும் பெரிய கைகளிலிருந்தே வருவதில்லை. 1975ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, முஸ்லிம் ஊழியர்கள் மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசு தந்தார்கள். அந்தக் காசுகள் சேர்ந்து 1977ல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசலாக எழுந்தன. நம் சங்கத்தின் சந்தாப் புத்தகமும் இந்த வழியில் வந்ததுதான். வேலை முடிந்து வந்து, சட்டைப்பையில் ரசீதுப் புத்தகத்தோடு அடுக்குமாடிப் படிகள் ஏறியவர்களின் கால்வலி அதில் இருக்கிறது.

இன்று காலம் மாறிவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் மாலைநேரம் பிள்ளைகளுக்கே போதவில்லை. ஆண்டறிக்கையும் தணிக்கையும் காத்திருக்கின்றன. கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்குக் கிடைக்கும் நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடுதர அரசாங்கம் 2013ல் 200 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. முறையான பதிவும் கணக்கும் இல்லாத சங்கம் இத்தகைய உதவியை நெருங்கவே முடியாது. அந்தக் கணக்கை எழுதுபவருக்குக் கூலி கொடுத்தால் சேவையின் தூய்மை கெட்டுவிடுமா?

கெடாது என்பதற்கு நம் மார்க்கத்திலேயே சான்று உண்டு. ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆனின் 9:60 வசனம் கூறுகிறது. அதைத் திரட்டும் பணியாளர்களும் அவர்களுள் ஒருவர். உழைப்புக்குரியதை உரியவருக்குக் கொடுப்பது தர்மத்துக்கு எதிரானதன்று. மறைவாகக் கொடுப்பதும், கேட்டால் சொல்லத் தயங்குவதும்தான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

ஆகவே நிர்வாகக் குழு ஊதியமின்றிப் பணியாற்றட்டும். அன்றாட நேரம் கேட்கும் வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் நியாயமான ஊதியம் இருக்கட்டும். இரண்டும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வாசிக்கப்படட்டும். கொடுத்தவர், உழைத்தவர், கணக்கெழுதியவர் அனைவரின் பணியையும் வல்ல இறைவன் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.