சாவை மட்டும் எண்ணிய காலம்

நெடுங்காலமாக உலக நாடுகள் ஒரு நோயின் பாரத்தைச் சாவை வைச்சே அளந்தன. மரணப் பதிவேட்டில் மனச்சோர்வு காரணமாக ஏறுவது அரிது. கணக்கில் இல்லாத நோய்க்குச் சுகாதார நிதியும் பெரிசாகக் கிடைக்கேல்லை.

1990களில் கிறிஸ்டோபர் மறே, அலன் லோபஸ் இருவரும் அளவுகோலை மாற்றினார்கள். அகாலச் சாவால் இழந்த ஆண்டுகளோடு, நோயோடு முடங்கி வாழ்ந்த ஆண்டுகளையும் கூட்டினார்கள். 1996இல் வெளிவந்த அவர்களின் கணக்கில், 1990ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமையில் மனச்சோர்வு 4ஆம் இடம். முடங்கி வாழ்ந்த ஆண்டுகளை மட்டும் பார்த்தால் முதலாம் இடம். முந்தியும் இருந்த நோய்தான், எண்ண ஆளிருக்கேல்லை.

எங்கட வீடுகளில் இன்னும் பழைய கணக்குத்தான். மாதக்கணக்காக எழும்ப ஏலாமல் கிடக்கிறவரை, "சும்மா யோசிச்சுக்கொண்டு கிடக்கிறா" எண்டு விட்டுவிடுறம். அவ இழக்கிற நாட்களையும் நாங்கள் எண்ணத் தொடங்கவேணும்.